பொன்முடிக்கு இரண்டு கார்டு

ஜன. 22, வியாழன்
பனி. ஆரியங்கோடு வரை ஏற்றப் பயிற்சி. செயின் துடைக்க வேண்டும். பிரேக் கட்டை தேய்ந்துவிட்டது.

பொழியூர் ஜெசிந்தாவும் வந்தாள். வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர். சைக்கிள் மிதிக்கத் தொடங்கி ஒரு வருடம்தான். நான் எட்டு வருடம். ரப்பர் தோட்ட ஏற்றத்தில் பேசிக்கொண்டே என்னைத் தாண்டிப் போனாள். எனக்கோ பதில் சொல்ல மூச்சில்லை. அவளுடையது யாரோ ஓட்டிக் கழித்த வண்டி. என்னுடையதை வாங்கியதற்கு என் மனைவி சுஜா இன்னும் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாள்.

ஜன. 24, சனி
நாளை பொன்முடி. சைக்கிள் குரூப்பின் நெடுந்தூர ஓட்டம், போக வர 200 கி.மீ. மேலே 12 மணிக்குள் கார்டில் முத்திரை வாங்க வேண்டும். பிந்தினால் அவ்வளவுதான். போன வருடம் பிந்தினேன். இந்த முறை விடக்கூடாது.

எடுக்க: ட்யூப் 2, பம்ப், உப்பு, ஏத்தன்பழம் 4.

ஜெ. சாயங்காலப் பூசை முடிந்து வந்து தன் கார்டைத் தந்துவிட்டுப் போனாள். நனையாத பை என்னிடம்தான். அதனால் எப்போதும் இரண்டு கார்டும் என் பையில். சுஜா சும்மா இருக்கவில்லை. "அந்தப் பிள்ள கேறுத கேற்றத்துக்கு, நாளைக்கு உங்களுக்கு முன்ன வந்திருவா." எழுந்து போய்ச் செயினைத் துடைத்தேன்.

ஜன. 25, ஞாயிறு
கல்லாறு வரை ஒன்றாக. 9.40. இனி இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவு. நான் டீக்கு இறங்கினேன். அவள் நிற்கவில்லை. "நான் மெதுவா கேறுதேன் அண்ணா, நீங்க வாருங்க." மெதுவாக ஏறுகிறாளாம். இரண்டு நிமிடத்தில் ஆளைக் காணோம்.

பழம் எடுக்கப் பையைத் திறந்தேன். அவள் கார்டு. கேட்டு வாங்க மறந்திருக்கிறாள். எத்தனை மணிக்கு ஏறினாலும் நான் போகாமல் முத்திரை கிடையாது. போன் செய்திருக்கலாம். டவர் இல்லை என்று எழுதினால் பொய்.

இரண்டாவது டீ சொன்னேன். பிறகு ஒரு பழம்பொரி. போகவில்லையா என்று கடைக்காரர் கேட்டார். கால்வலி என்றேன். காலுக்கு ஒன்றுமில்லை. வயிற்றெரிச்சல்.

10.20க்குக் கிளம்பினேன். 11.50க்கு ஏறிவிடலாம் என்று நினைப்பு. பதினைந்தாம் வளைவில் கால் நிஜமாகவே பிடித்துக்கொண்டது. மேலே போனபோது 12.11.

மூடுபனி, காற்று. ஜெ. துண்டைப் போர்த்திக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தாள். 11.05க்கே வந்தாளாம். முத்திரைக்காரர் கையை விரித்துவிட்டார். இருவருக்கும் இல்லை. அவள் என்னைக் கோபிக்கவில்லை, காலைப் பிடித்துவிட உட்கார்ந்தாள். "அண்ணனுக்கு வய்யாம போச்சு சார், அதாக்கும்," என்று அவரிடம் எனக்காகப் பேசினாள்.

இறங்கும்போது அதே கடை. அவள்தான் நிறுத்தினாள். கடைக்காரர் அக்கறையாகக் கேட்டார்: "கால்வலி மாறியோ? மேல போவும் முன்ன அரை மணிக்கூர் இருந்தீரே."

ஜெ. டீயை ஊதி ஊதிக் குடித்தாள். அப்புறம் எங்கள் பாறசாலை வரை என் பின்னால்தான் வந்தாள். ஒரு தடவைகூடத் தாண்டவில்லை.

ஜன. 26, திங்கள்
லீவு. தொடையில் தைலம். குரூப்பில் எல்லாரும் அவளைப் பற்றித்தான். கார்டு கிடைக்காவிட்டால் என்ன, 11.05 பெரிய காரியமாக்கும் என்று. எனக்கு ஒரே ஒருவர், கால் எப்படி என்று. ஜெ. யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிச் சொல்லியிருப்பேன். இந்த நல்ல குணமும் அவளுக்கே.

ஜன. 29, வியாழன்
பனி இல்லை. ஜெ. வழக்கம்போல ஐந்தரைக்கு வந்தாள். சுஜாவுக்கு நெத்தோலி மீன். எனக்கு அதே சிரிப்பு. ஹேண்டிலில் சிவப்பாக ஒரு புதுப் பை. என்ன என்று கேட்டேன்.

"கார்டு வைக்கதுக்காக்கும், அண்ணா."

தண்ணீர் ஊற்றிக் காட்டினாள். ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. என் பையைவிட நல்ல பை.