பாப்பா இன்னும் திரும்பவில்லை

7 செப்டம்பர் 1997, ஞாயிறு

புழுக்கம். மேகம் வருகிறது, போகிறது. மழை இல்லை. வேதியியல் இரண்டாம் பாடம் பாதி.

அக்காவுக்கு முப்பத்தேழாவது வாரம் (நர்சம்மா கணக்கு. அம்மா கணக்கில் எட்டரை மாதம்). வளைகாப்பு முடிந்து மரக்காணத்திலிருந்து திண்டிவனம் எங்கள் வீட்டுக்கு வந்து ஆறு வாரம். தலைப்பிரசவம் பிறந்த வீட்டில்தான். பாப்பாவுக்கு இன்னும் தலை மேலே, புட்டம் கீழே. அக்காவின் விலாவுக்குக் கீழே உருண்டையாக, கெட்டியாக ஒன்று. அதுதான் தலை. லேசாகத் தட்டினால் ஆடுகிறது.

திரும்புவதற்காக நர்சம்மா சொன்ன பயிற்சி: முட்டி போட்டு, தலையைத் தரையில் வைத்து, இடுப்பைத் தூக்கிக்கொண்டு பதினைந்து நிமிடம். காலை, மாலை. கடிகாரம் பார்ப்பது நான்.

அக்கா தரையிலிருந்தே: “தோட்டுத் திருகாணி தேடற மாதிரி இருக்குதுடி. இன்னும் எவ்ளோ நேரம்?”

“ஆறு நிமிஷம்.”

“நீயெல்லாம் டீச்சரானா புள்ளைங்க செத்துச்சு.”

பாப்பாவுக்குக் குரல் கேட்குமாம். கேட்கும் பக்கம் தலை வரட்டும் என்று அக்காவின் கால்மாட்டில் உட்கார்ந்து பாடத்தைச் சத்தமாகப் படித்தேன். “இத்தக் கேட்டு எந்தப் புள்ள திரும்பும்? தூங்கிடும்” என்றாள். படித்து முடிப்பதற்குள் அவள்தான் தூங்கினாள்.

உதை, மாலை 6 முதல் 7 வரை: 11.

9 செப்., செவ்வாய்

விழுப்புரம் ஆஸ்பத்திரி. அம்மாவுக்கு மல்லாட்டை (வேர்க்கடலை) மில்லில் லீவு கிடைக்கவில்லை. அப்பா சென்னையில், கட்டட வேலையில். ஆகவே நான். விக்கிரவாண்டியில் பஸ் அரை மணி நின்றது. அக்கா மூன்று தடவை பாத்ரூம் கேட்டாள்.

டாக்டரம்மா பெரிய கண்ணாடி, சின்னக் குரல். வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், ஸ்கேன் பார்த்தார், மறுபடி தொட்டார். அவர் சொன்னது அப்படியே:

“இடுப்பு நல்லா இருக்கு. குழந்தையும் பெருசு இல்ல. புட்டம் கீழ, கால் ரெண்டும் மேல நீட்டிக்கிட்டு இருக்கு. நார்மலுக்குப் பாக்கலாம். ஆனா ஆபரேஷனுக்கும் எல்லாம் ரெடியா வச்சிக்கிட்டுதான். நடுவுல நான் ஆபரேஷன்னு சொன்னா யாரும் பேசக் கூடாது. சம்மதமா?”

அக்கா தலையாட்டினாள். நான் “ஏன் மேடம் இதுல ஆபத்து?” என்றேன். அக்கா என் தொடையைக் கிள்ளினாள். டாக்டரம்மா கோபப்படவில்லை. “தலைதான் பெருசு. அது முதல்ல வந்தா வழி பண்ணிக்கிட்டு வரும். இதுல அது கடைசியா வருது” என்றார். பிறகு என்னையே எழுதிக்கொள்ளச் சொன்னார். சீட்டின் பின்பக்கம் எழுதினேன்:

1. முதல் வலிக்கே கிளம்பணும்.
2. தண்ணீர்க் குடம் உடைந்தால் நடக்கக் கூடாது. படுக்கணும், இடுப்புக்குக் கீழே தலையணை. (தொப்புள் கொடி முன்னால் நழுவிவிடும். நழுவினால் பாப்பாவுக்கு மூச்சு இல்லை.)
3. யாரும் வயிற்றைத் தடவக் கூடாது.
4. அவர்கள் சொல்லும்வரை முக்கக் கூடாது.
5. ரத்தம் கொடுக்க ஆள்.

திரும்பும் பஸ்ஸில் அக்கா ஜன்னல் பக்கம் பார்த்தபடி: “கத்தி மட்டும் வேணாம்டி. தையில உப்பளம் ஆரம்பிச்சுடும். வயித்த அறுத்துக்கினு கூடை தூக்க முடியுமா?” அவள் மாமியார் வளைகாப்பு அன்றைக்கே சொல்லிவிட்டாராம், எங்க வீட்ல யாருக்கும் அதெல்லாம் இல்ல என்று.

2-ஐ மறுபடி மறுபடி படித்துக்கொண்டு வந்தேன்.

11 செப்., வியாழன்

இரவு தூறல். துணி காயவில்லை.

பள்ளி விட்டு வந்தால் பக்கத்து வீட்டுக் கன்னியம்மா அத்தை விளக்கெண்ணெய்க் கிண்ணத்தோடு உட்கார்ந்திருக்கிறார். அக்கா பாயில், புடவை தளர்ந்து. “நாலு தடவு, அவ்ளோதான். எத்தினி புள்ளைய திருப்பியிருக்கேன் தெரியுமா?”

கிண்ணத்தை எடுத்துவிட்டேன். பாதி எண்ணெய் என் தாவணியில்.

“டாக்டரம்மா தொடக் கூடாதுன்னுட்டாங்க அத்தை.”

“ஓ. நாலு எழுத்து படிச்சதும் நாங்க தொடவே கூடாதா?”

எழுந்து போய்விட்டார். அம்மா வந்ததும் எனக்குத் திட்டு: “ஆத்திர அவசரத்துக்கு அவ வேணும்டி. வாய வச்சிக்கினு சும்மா இருக்கமாட்ட?” அக்கா எனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் வலித்தது.

உதை: 9. எண்ணும்போது சண்டை நடந்தது, ஒன்றிரண்டு விட்டிருக்கும்.

14 செப்., ஞாயிறு

மாமா மரக்காணத்திலிருந்து வந்தார். கருவாடு, ஒரு சீப்பு பழம், பேச்சு இல்லை. ரத்தம் கொடுக்க அவரும் நண்பர் ஒருவரும் வருவார்கள். உப்பளத்துக்குப் பக்கத்து போன் பூத் எண்ணைச் சுவரில் எழுதிவைத்தேன்.

பையில்: பழைய வேட்டி கிழித்தது 6, அக்காவின் நைட்டி 2, பிளாஸ்க், டம்ளர், சோப்பு, ஆஸ்பத்திரி அட்டை, டாக்டர் சீட்டு.

வண்டி: மில்லுக்கு மூட்டை ஏற்றும் ஏழுமலை அண்ணன் வேன். கேட்டாயிற்று. “எப்ப வேணாலும் கூப்புடு பாப்பா. மூட்ட பாதி ஏத்தியிருந்தாலும் எறக்கிட்டு வர்றேன்.”

மாமா கிளம்பும்போது என்னிடம் மட்டும், வாசலில்: “ஆபரேஷன்னா பரவால்லன்னு அவகிட்ட சொல்லு. நான் சொன்னா, எங்க அம்மா முன்னாடி மாத்திப் பேசுவேன்னு நெனைக்கிறா.” அக்காவிடம் சொன்னேன். “அவருக்கின்னா, கூடைய நான்தான தூக்கறேன்” என்றாள்.

தலை மேலேயேதான்.

17 செப்., புதன்

காலாண்டுப் பரீட்சை. ஆங்கிலம் நன்றாக. வெள்ளிக்கிழமை வேதியியல்.

நர்சம்மா வந்தார். இனிமேல் திரும்பாது, இடம் இல்லை என்றார். பயிற்சி நிறுத்தம். அக்கா திருகாணி கிடைக்கலையே என்று சிரித்தாள். அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

அம்மாவிடம் டாக்டர் சீட்டில் எழுதிய ஐந்தையும் வாசித்துக் காட்டினேன். அம்மா பூண்டு உரித்துக்கொண்டே: “சரி சரி. நான் ரெண்டு பெத்தவடி.”

19 செப்., வெள்ளி

பரீட்சை அட்டைமேல் வைத்து எழுதுகிறேன். விழுப்புரம். பிரசவ அறைக்கு வெளியே. எழுதாவிட்டால் பைத்தியம் பிடிக்கும்.

12.15 உள்ளே கொண்டுபோனார்கள்.
12.40 கொடி நழுவவில்லை. பாப்பாவின் இதயத்துடிப்பு நன்றாக இருக்கிறது. ஆயாம்மா வந்து சொன்னார்.
1.30 அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டிருக்கிறது. சாப்பிடவில்லை.
2.05 அக்கா கத்துகிறாள். “முக்காத, இன்னும் முக்காத” என்று ஒரு குரல்.
2.20 மாமா வந்துவிட்டார். கால் முழுக்க உப்பளச் சேறு. கை கழுவச் சொன்னேன். ஏன் சொன்னேன்?
2.50 உள்ளே ஓடுகிறார்கள். ஆபரேஷனா என்று கேட்டேன். யாரும் நிற்கவில்லை.
3.10 இப்போது “முக்கு” என்கிறார்கள். டாக்டரம்மாவின் சின்னக் குரல் பெரிதாகக் கேட்கிறது.
3.20 சத்தமே இல்லை.
3.21 இல்லை.
3.22

20 செப்., சனி

பெண். இரண்டு கிலோ எழுநூறு. கத்தி இல்லை.

ஆயாம்மா சொன்னது: புட்டம், முதுகு, கால், கை, எல்லாம் வந்துவிட்டது. தலை மட்டும் உள்ளே. டாக்டரம்மா குழந்தையைத் தன் முன்கைமேல் குதிரை ஏற்றின மாதிரி வைத்துக்கொண்டு, “அவசரப்படாதீங்க, யாரும் இழுக்காதீங்க” என்றாராம். வெளியே வந்தபின்னும் அழவில்லை. முதுகைத் தேய்த்து, மூக்கில் குழாய் வைத்து... பிறகு பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம். அது எனக்கும் கேட்டது. பேனா எங்கே விழுந்தது என்று தெரியவில்லை. இது மாமாவின் பேனா.

புட்டம் முழுக்க நீலம், நாவற்பழ நிறம். மாறிவிடுமாம்.

நேற்றுக் காலை நடந்ததை முழுதாக எழுதிவைக்க வேண்டும்.

விடியும்போதே அக்காவுக்கு இடுப்பு வலி. நான் “முதல் வலிக்கே” என்றேன். அம்மா: “சூட்டு வலியா இருக்கும். சீரகக் கஷாயம் குடுத்தா தெரிஞ்சிடும். சூட்டு வலின்னா அடங்கும், புள்ள வலின்னா ஏறும். பொய் வலிக்கெல்லாம் விழுப்புரம் ஓட முடியுமா?” எங்கள் தெருவில் எல்லோரும் இப்படித்தான் பார்க்கிறார்கள். கஷாயம் குடித்து அரை மணியில் அக்கா, “நின்னு போச்சும்மா” என்றாள். அம்மா என்னைப் பார்த்த பார்வை! மில்லுக்குப் போய்விட்டது.

அக்கா வழக்கம்போல எனக்கு இரட்டைப் பின்னல் போட்டுவிட்டாள். நான் சூத்திரங்களைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கு நடந்தேன். ஹாலில் உட்கார்ந்தாயிற்று. ஒன்பதே முக்கால். தலை வலித்தது. வலது பின்னல் வேரில் சுருக்கென்று இழுத்தது. தொட்டுப் பார்த்தேன். பின்னும்போது அக்கா ஒரு இடத்தில் முடியைப் பிடித்து இறுக்கினாள், கொஞ்ச நேரம் விடவில்லை. இடது பின்னல் முடிவிலும் அப்படியே. இரண்டு பின்னல் போடப் பத்து நிமிடம் ஆகும்.

வலி நிற்கவில்லை. பத்து நிமிடத்துக்கு ஒன்று வந்துகொண்டிருந்தது. கத்திக்குப் பயந்து நின்றுவிட்டது என்று சொல்லியிருக்கிறாள்.

எழுந்துவிட்டேன். “எங்கம்மா போற? பெல் அடிக்கப் போவுது” என்றார் டீச்சர். பதில் சொன்னேனா, ஞாபகம் இல்லை.

வீட்டில் அக்கா மட்டும், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு. என்னைப் பார்த்ததும், “பரீட்ச?” என்றாள். அடுத்த நொடி தரையெல்லாம் தண்ணீர். படுக்கவைத்தேன். தலையணை இரண்டு. “எழுந்துக்காத. எது வந்தாலும் எழுந்துக்காத.” முதல் தடவையாக நான் சொன்னதற்குக் கிண்டல் இல்லாமல் சரி என்றாள்.

அவளை விட்டுப் போகவும் முடியாது, போகாமல் இருக்கவும் முடியாது. வாசலில் நின்று கத்தினேன். கன்னியம்மா அத்தை குளித்த ஈரத் தலையோடு ஓடிவந்தார். எண்ணெய் பற்றிப் பேச்சே இல்லை. “நான் பாத்துக்கறேன், தொட மாட்டேன், நீ ஓடுடி.” பையையும் தூக்கிக்கொண்டு மில்லுக்கு ஓடினேன்.

ஏழுமலை அண்ணன் சொன்னபடியே மூட்டைகளை இறக்கிவிட்டு வந்தார், கூடவே அம்மாவும். வெறும் கோணிகளைப் பரப்பி, மேலே மெத்தை. அக்காவைப் பாயோடு தூக்கி ஏற்றப் போகும்போது அம்மா குறுக்கே நின்றது.

“வெள்ளிக்கெழம பத்தரைலேர்ந்து பன்னெண்டு ராகு காலம். தலைப்புள்ளைய ராகு காலத்துலயா கூட்டிக்கினு போவாங்க? ஒரு மணி நேரம் பொறுத்துக்க.”

“ஜல்தி ஏத்துங்கக்கா” என்றார் அண்ணன். அம்மா நகரவில்லை. அழுதுகொண்டிருந்தது. பிடிவாதம் இல்லை, பயம். அப்போதுதான் அது எனக்குத் தெரிந்தது. அக்காவுக்கு முன்னால் ஒரு பிள்ளை பிறந்து தங்கவில்லை என்று ஒரு தடவை அப்பா சொல்லியிருக்கிறார்.

சீட்டை எடுத்து வாசித்தால் அம்மா கேட்காது. எங்கள் வீட்டில் ராகு காலத்தில் பயணம் வந்தால், அதற்கு முன்பே பையை வெளியே எடுத்துப்போய் யார் வீட்டிலாவது வைத்துவிடுவோம். பை கிளம்பினால் பயணம் கிளம்பிய மாதிரி.

“பை பத்து இருபதுக்கே வெளிய போயிடுச்சும்மா. நான்தான் தூக்கிக்கினு வந்தேன். நாம கிளம்பியாச்சு. இப்ப பையப் புடிக்கத்தான் போறோம்.”

அம்மா என் கையிலிருந்த பையைப் பார்த்தது. என் முகத்தைப் பார்த்தது. வேனில் ஏறி அக்காவின் தலையை மடியில் வைத்துக்கொண்டது.

பை வெளியே போனது பத்து நாற்பதுக்கு.

23 செப்., செவ்வாய்

நேற்று வீட்டுக்கு வந்தோம். மூன்று நாளாக மழைக் கோலம், ஒரு சொட்டு இல்லை. வேதியியலுக்குத் தனியாகக் கேள்வித்தாள் தருவதாக டீச்சர் சொல்லியிருக்கிறார். ஹாலைவிட்டு ஓடியதற்கு முதலில் திட்டு. பிறகு பாப்பா எந்தப் பக்கமாக வந்தது, எப்படி வந்தது என்று எல்லாம் கேட்டார்.

பாப்பா கால்களை மடக்குவதே இல்லை. இரண்டும் நேராக மேலே, பாதம் காதோரம். துணியால் மெல்லச் சுற்றினால் கொஞ்ச நேரம். பிறகு மறுபடி மேலே. இழுக்காதீங்க, தானாக இறங்கும் என்றார் டாக்டரம்மா. இடுப்பை மட்டும் அடுத்த மாதம் காட்ட வேண்டும். குறித்துக்கொண்டேன்.

பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் அம்மா: “ராகு காலத்துக்கு முன்னாடியே பை கிளம்பிடுச்சு. அதனாலதான் கத்தி இல்லாம ஆச்சு.” கஷாயம் பற்றி மூச்சு இல்லை. நான் யாரையும் விடாமல் திருத்துகிறவள். இதைத் திருத்தவில்லை.

மதியம் அம்மா கடைக்குப் போனபோது அக்கா, பாப்பாவுக்குப் பால் கொடுத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல்:

“பத்து நாப்பதுடி அது. படுத்துக்கினு கடியாரத்தத்தான் பாத்துக்கினு இருந்தேன்.”

“நீயும்தான் வலி நின்னு போச்சுன்ன.”

பாப்பாவின் ஒரு பாதம் அவள் தாடையில் இடித்துக்கொண்டிருந்தது.

“சொல்லிட்டு, நீ படி எறங்கிப் போனதும், அய்யோ போயிட்டாளேன்னு இருந்துச்சு” என்றாள். “கூப்பிடத்தான் நிலைகிட்ட வந்தேன். முடியல.”

அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“இன்னா முழிக்கிற? மழ வருது பாரு. போய் துணிய எட்றி, டீச்சர்.”