சங்கு ஊதிய எட்டாவது நிமிடம்

ஏப்ரல் 16, செவ்வாய்

கன்னம் இன்னும் எரிகிறது. குற்றம் என்னுடையதல்ல, குழாயுடையது.

பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாய்த் துண்டின் ஒரு முனையில் உதட்டை அழுத்தி ஊதினால், அம்மா வேலை பார்க்கும் மத்தி மீன் ஆலையின் சங்கு அச்சு அசலாக வருகிறது. ஜலதோஷம் பிடித்த ஒட்டகத்தின் குரல். கண்டுபிடிப்பு என்றால் சோதித்துப் பார்க்க வேண்டாமா? மதியம் மூன்று மணிக்கு மொட்டை மாடியில் நின்று ஊதினேன்.

நாங்கள் குடியிருக்கும் மேட்டில் ஒரே நேரத்தில் பதினெட்டுக் கதவுகள் திறந்தன! ஆலைப் பெண்கள் தலைத்துணியை முடிந்துகொண்டே ஓடினார்கள். அம்மாவும்தான், பாதி டீயை வைத்துவிட்டு. அவள் எப்போதும் பாதி டீதான். படகு வந்தால் சங்கு, சங்கு வந்தால் ஓட்டம். மீதியை நான் குடிப்பேன், அடியில் தேங்கிய சர்க்கரையோடு.

ஆலை வாசல்வரை போய்த் திரும்பினாள். "சங்கா ஊதுற? இரு, உனக்கு நான் ஊதுறேன்டி சங்கு!" பளார்.

அடிகூடப் பரவாயில்லை. அப்புறம் படியில் உட்கார்ந்து முட்டியைப் பிடித்துக்கொண்டு, "இந்தக் காலை வெச்சுக்கிட்டு ஓடுறேன்டி நான்" என்றாள். அதைத்தான் தாங்க முடியவில்லை. சங்கு ஊதி அரை மணியில் ஆலைக் கதவை மூடிவிடுவார்கள். மூன்று கிலோமீட்டர். இந்த வருடம் அம்மா ஏழு தடவை மூடிய கதவைப் பார்த்துத் திரும்பியிருக்கிறாள். பத்தானால் பெயரை எடுத்துவிடுவார்கள்.

இனி ஊதமாட்டேன் என்று ரொட்டியைத் தொட்டுச் சத்தியம் செய்தேன். குழாய் பறிமுதல்.

ஏப்ரல் 22, திங்கள்

எங்கள் ராஸ் அல்-ஹூத்துக்குப் போக்குவரத்துத் திட்டம் போடப்போகிறார்களாம். ஊர்ப் பெயருக்கே 'மீன்தலை' என்று பொருள். இதுவரை எங்களுக்குப் போக்குவரத்தே கால்நடைதான். நாங்கள்தான் அந்தக் கால்நடைகள்.

தெருவில் போகிறவர்களை எண்ணுவதற்குப் பள்ளியிலிருந்து எட்டுப் பேர். ஆரஞ்சுச் சட்டையும் அட்டையும் கொடுத்தார்கள். என் இடம் ஏழாம் முனை: மேட்டுச் சாலையின் அடிவாரம். மூன்று நாள், காலையிலிருந்து மாலைவரை.

ஏப்ரல் 24, புதன்

முடிந்தது. மேட்டிலிருந்து நடந்து இறங்கியவர் மூன்று நாளில் மொத்தம் 9. கழுதை வண்டி 4. பூனை 41 (அந்தக் கட்டத்தை நானே வரைந்தேன்). தலைநகரிலிருந்து வந்த இன்ஜினியர், ரீம் என்று பெயர், பூனையைப் பார்த்துச் சிரித்தார். கணக்கு சுத்தமாக இருக்கிறதென்று பாராட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மே 28, செவ்வாய்

நகராட்சியில் வரைபடத்தை மாட்டியிருக்கிறார்கள். சுவர் அளவு.

வாயைத் திறந்தபடி நின்றேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் நின்றேன். எங்கள் ஊர் இவ்வளவு அழகா? ஆள் அதிகம் போகும் தெரு தடித்த சிவப்புக் கோடு. குறைந்தால் மெல்லிய கோடு. துறைமுகம், சந்தை, மசூதி, கடற்கரை என்று கிளை கிளையாக, கையின் நரம்புகள் மாதிரி. நாங்கள் எட்டுப் பேர் போட்ட பென்சில் கோடுகள் ஒன்று சேர்ந்து ஓர் ஊரின் ரத்த ஓட்டமாக ஆகியிருந்தன. அசைகிறதா என்று விரலை வைத்துக்கூடப் பார்த்தேன்.

பிறகு எங்கள் வீட்டைத் தேடினேன். மேட்டுச் சாலை வெள்ளையாக இருந்தது. கோடே இல்லை. ஓரத்தில் சின்ன எழுத்தில் என் பெயர்: 'ஏழாம் முனை. எண்ணியவர்: நுஹைலா.'

பஸ் சந்தையிலிருந்து கடற்கரைக்கு, கடற்கரையிலிருந்து சந்தைக்கு. ஊரே மத்தியை நம்பிப் பிழைக்குது, பஸ் மட்டும் ஊர் மத்தியிலயே சுத்துமாம்.

வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் உறைத்தது — நான் எண்ணின மூணு நாளும் பௌர்ணமி வாரம்! நிலா வெளிச்சத்துல படகுல விளக்கு போட்டாலும் மத்தி மேல வராது. படகு போகாது. சங்கு ஊதாது. அம்மாவெல்லாம் வீட்ல தூங்கிட்டிருந்தாங்க. எனக்குத் தெரியும்தானே? மூணு நாளும் எங்க வீட்லயே அம்மா போர்வைக்குள்ள இருந்தாளே! பூனைய எண்ணத் தெரிஞ்சுது, இது தோணலியா உனக்கு, கழுதை?

கழுதை 5.

மே 29, புதன்

ரீம் மேடத்தைப் பிடித்துவிட்டேன்.

"மேடம், மேட்டுலேருந்து இருநூறு பேர் இறங்குவாங்க."

"எத்தனை மணிக்கு?"

"சங்கு ஊதும்போது."

"சங்கு எத்தனை மணிக்கு?"

"மீன் வரும்போது."

"மீன் எத்தனை மணிக்கு வரும்?"

"அது மீனைத்தான் கேக்கணும் மேடம்."

இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. "மீனை அட்டவணையில போட முடியாதும்மா. மறுபடியும் எண்ண எங்களுக்கு அனுமதி இல்ல. உன் தாள்ல ஒம்போதுன்னு இருக்கு."

"அது உண்மைதான். ஆனா தப்பு."

நகராட்சி வாசலில் ஆட்சேபப் பதிவேடு ஒரு மாதம் திறந்திருக்கும், மேட்டுப் பெண்களை எழுதச் சொல்லு, சபைக் கூட்டத்துக்கு வரச் சொல்லு என்றார்.

ஜூன் 14, வெள்ளி

பதிவேட்டில் 143 பெருவிரல் ரேகைகள். பாதிப் பேர் ஆலையிலிருந்து நேராக வந்து வைத்தார்கள். பக்கங்கள் ஒட்டிக்கொண்டன. அம்மாவின் ரேகைக்குள் ஒரு மீன் செதில் பதிந்திருந்தது. வெளிச்சத்தில் திருப்பினால் மின்னியது. எழுத்தர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஆட்சேபமா, சமையலா?" என்றார். அம்மாவின் தோழி ம்பார்க்கா விடுவாளா? "நல்லா மோந்துக்கங்க. உங்க வீட்டுச் சம்பளமும் இந்த வாசனைதான்."

இந்த வாரம் அம்மாவுக்கு எட்டாவது தடவை கதவு மூடியது.

ஜூலை 16, செவ்வாய்

வரிசையாக எழுத வேண்டும்.

காலை பதினொரு மணி. சபைக் கூட்டம். பின் நாற்காலிகளில் மேட்டுப் பெண்கள் அறுபது பேர், ஆலை அங்கியைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு. தலைவர் ஹாஜ் ஸெருவாலி வரைபடத்தைக் குச்சியால் தட்டினார். "ஆளே நடக்காத வழிக்கு எதுக்கு பஸ்? காத்தை ஏத்திக்கிட்டு வரவா?" உறுப்பினர்கள் சிரித்தார்கள். ரீம் மேடம் தலைகுனிந்து தாளைப் புரட்டினார்.

பெண்கள் சார்பில் பேச அம்மா எழுந்தாள். ஒரு வாரமாகக் கண்ணாடி முன்னால் பழகிய பேச்சு. "பெரியவங்களே" என்றாள்.

சங்கு ஊதியது.

முழு மண்டபமும் என்னைத் திரும்பிப் பார்த்தது. அம்மாவும்! இரண்டு கையையும் தூக்கினேன். "நான் இல்ல! சத்தியமா நான் இல்ல!"

அதற்குள் அறுபது நாற்காலிகளும் பின்னால் நகர்ந்தன. ஒரு பெண்கூடத் தலைவரிடம் அனுமதி கேட்கவில்லை. அங்கியை உதறி மாட்டிக்கொண்டே வெளியே. அம்மா பேச்சை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, கடைசி ஆளாக நொண்டி நொண்டி ஓடினாள். நிமிடத்தில் மண்டபம் காலி. தரையில் ஒரே ஒரு செருப்பு.

ஜன்னலுக்கு ஓடினோம், எல்லோரும்.

இத்தனை வருடம் இதே ஊரில் இருக்கிறேன், சங்கு ஊதும்போது மேட்டைக் கீழிருந்து பார்த்ததே இல்லை. கதவு கதவாகத் திறந்தது. நீல அங்கிகள் சந்துகளில் ஒழுகி, படிகளில் சேர்ந்து, சாலையில் நிரம்பி இறங்கின. ஒருத்தி வாயில் ரொட்டி. ஒருத்தி மளிகைக்காரர் கையில் குழந்தையை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் ஓடினாள். அவரும் தினப்படி வேலைபோல வாங்கிக்கொண்டார். சுமை லாரிகள் நின்று வழிவிட்டன. வரைபடத்தில் வெள்ளையாக இருந்த அதே இடத்தில் கடல் ஒன்று மேலிருந்து கீழே வந்தது. என் அம்மா தினமும் இதற்குள்தான் இருக்கிறாளா?

ரீம் மேடம் மட்டும் ஜன்னலில் இல்லை. கீழே சாலையோரம் நின்று, தாள்கூட இல்லாமல், உள்ளங்கையில் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்து கையை நீட்டினார். "ஒம்பது நிமிஷம். இருநூத்திப் பன்னெண்டு பேர்."

ஹாஜ் ஸெருவாலி ஜன்னலை விட்டு நகரவில்லை. "அந்தக் கடைசில போறது... பேச வந்த அம்மாதானே?" என்றார். "கதவு எப்போ மூடுவாங்க?"

"இன்னும் பத்து நிமிஷத்துல" என்றேன். "அம்மாவுக்கு இன்னும் இருபது ஆகும்."

வரைபடத்தை மடித்து வைக்கச் சொன்னார். வாக்கெடுப்பு தள்ளிப்போனது.

ஒன்பதாவது தடவை. அம்மா வீட்டுக்கு வந்து செருகிய பேச்சை எடுத்து மேஜையில் வைத்தாள். "ஒரு வார்த்தைகூட பேசலையேடி."

"சங்கு குறுக்கே பேசிடுச்சும்மா."

ஜூலை 25, வியாழன்

திட்டம் நிறைவேறியது. 17 ஆதரவு, 2 எதிர்ப்பு. இரண்டு பேரும் டாக்ஸி வைத்திருக்கிறார்கள்.

அச்சிட்ட பிரதியை ரீம் மேடம் எனக்கென்று அனுப்பியிருந்தார். இரண்டாம் தடம், மேடு முதல் ஆலைகள் வரை, இரண்டு பஸ். புறப்படும் நேரம் என்ற கட்டத்தில் மணி இல்லை. 'சங்கு ஊதிய எட்டாவது நிமிடம்' என்று இருக்கிறது. முத்திரை, கையெழுத்து, எல்லாம் அதன் மேல். மீனை அட்டவணையில் போட்டுவிட்டார்! அந்த வரியைப் பத்து தடவை படித்தேன். அடிக்குறிப்பு: 'பௌர்ணமி வாரத்தில் இத்தடம் சந்தைக்குச் செல்லும். தகவல்: ஏழாம் முனை.'

பஸ் வர அக்டோபர் ஆகுமாம். அதுவரை அம்மா நான் இரவல் வாங்கிய சைக்கிளின் பின்னால். நான் மிதிக்கிறேன், அவள் திட்டுகிறாள். திட்டத்துக்கு முன்னால் திட்டு.

அக்டோபர் 7, திங்கள்

குழாய் திரும்பக் கிடைத்தது. பறிமுதல் நீக்கம். ஊதவில்லை. சத்தியம் சத்தியம்தான்.

அக்டோபர் 29, செவ்வாய்

காலை ஆறரைக்குச் சங்கு. அம்மா நாற்காலியை இன்னும் கொஞ்சம் மேஜைக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வெளியே பஸ் உறுமிக்கொண்டு நின்றது. ம்பார்க்கா ஜன்னலிலிருந்து, "வாடி மகாராணி!" என்று கத்தினாள்.

எனக்கு இன்று டீ மிச்சமில்லை.