திறந்ததும் பெட்டிக்குள் நிற்கும் கர்சர்

மார்ச் 4, செவ்வாய்

காலையிலேயே வெயில். திருச்செங்கோட்டு மலை வெளுத்துத் தெரிகிறது. பூங்கொடிக்கு ராகிக் கஞ்சி, மாத்திரை, வலது கைக்கு எண்ணெய். என் மனைவிக்குப் பக்கவாதம் வந்து இது மூன்றாவது மாதம். சொல்ல நினைப்பதெல்லாம் மனதில் சரியாக இருக்கிறது, நாக்குதான் புரளவில்லை என்கிறார் ஈரோட்டு டாக்டர். அவள் ஏதோ சொல்கிறாள், எனக்குப் புரிவதில்லை. இரண்டு முறை கேட்டுவிட்டு "சரி" என்று சொல்லிவிடுகிறேன்.

வேலை வீட்டிலிருந்தே. ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் லாரிக்காரர் ஒருவருக்கு, போர் போட புக்கிங் எடுக்கும் வெப்சைட். போனில் அவர்: "ஏனுங்க, பேஜ் தொறந்தா கர்சர் நேரா நம்பர் போடற எடத்துல நிக்கோணுமுங்க. ஆபீஸ் புள்ளைங்க ஒவ்வொரு வாட்டியும் மவுஸப் புடிச்சு அமுத்தீட்டு இருக்கோணுமுங்களா?"

நிரலில் ஒரே ஒரு சொல் சேர்த்தால் போதும். சேர்த்தேன்.

மதியம் தூக்கம். கனவு ஒன்றும் இல்லை.

மார்ச் 5, புதன்

பழைய லேப்டாப்பில் பூ.வுக்காக ஒரு பக்கம் எழுதினேன். ஒரு பெட்டி, அவ்வளவுதான். இங்கிலீஷ் எழுத்தில் அடித்தால் தமிழாக விழும். என்டர் தட்டினால் லேப்டாப் வாய்விட்டுப் படிக்கும். இடது கைக்கு எட்டும்படி முன்னால் வைத்துவிட்டு ஆபீஸ் போன் பேசப் போனேன்.

திரும்பி வந்தபோது கையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் ஈரம். பெட்டி காலி. கர்சரை உள்ளே நிறுத்த மறந்திருக்கிறேன். அடித்த எழுத்தெல்லாம் எங்கேயும் விழாமல் போயிருக்கிறது. இந்தக் கையும் போய்விட்டது என்று நினைத்தாளோ என்னவோ.

ரிக்காரருக்கு நேற்றுச் செய்தது. இவளுக்குத் தோன்றவில்லை.

அந்தச் சொல்லைச் சேர்த்தேன். திறந்ததும் பெட்டிக்குள் கர்சரின் கோடு மினுக்கியது. படித்து முடித்ததும் பக்கம் தானாக மறுபடி திறக்கும், கோடு மறுபடி உள்ளே. மவுஸே வேண்டாம். காட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வாங்க: டயபர், ராகி மாவு, குளியலறை பல்பு.

மார்ச் 7, வெள்ளி

கரண்ட் போய்ப் போய் வந்தது. சாப்பாடு முடிந்து பாத்திரம் எடுத்துக்கொண்டிருந்தேன். பின்னால் விசை தட்டும் சத்தம். ஒன்று. ரொம்ப நேரம் கழித்து இன்னொன்று. பிறகு லேப்டாப்பின் பெண் குரல், செய்தி வாசிப்பது போல:

"அம்மா ஊட்டுக்குப் போறேன்."

மூன்று மாதத்தில் எனக்குப் புரிந்த முதல் பேச்சு.

"இங்க என்ன கொறை பூங்கொடி?"

அடித்தாள். காத்திருந்தேன், கையில் எச்சில் தட்டு.

"கொறை இல்லீங்க. கஞ்சி ஊத்தறப்ப என்ற மூஞ்சிய நீங்க பாக்கறதில்ல."

பக்கம் மறுபடி திறந்தது. கோடு மினுக்கிக்கொண்டு நின்றது. அதையே பார்த்தேன். கோபம் இல்லை, வருத்தமும் இல்லை. "ஞாயித்துக்கெழம கொண்டு போய் உடறேன்" என்றேன். தட்டைக் கழுவினேன்.

மார்ச் 9, ஞாயிறு

வாடகைக் கார். ஜேடர்பாளையம் அணைப் பக்கம் மீன் கடைகளில் கூட்டம். அத்தை, பூ.வின் அம்மா, வாசலிலேயே நின்றிருந்தார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. லேப்டாப்பைத் திறந்து வைத்தேன். பூ. அடித்தாள்.

"அம்மா, பசிக்குது."

அத்தை சுற்றும் முற்றும் பார்த்தார். "ஆரு மாப்ள பேசறது?"

"உங்க புள்ளதானுங்க அத்தை."

"என்ற புள்ள கொரலு இது இல்லீங்களே." சொல்லிவிட்டு, லேப்டாப்பைப் பார்த்தே கேட்டார்: "சோறு போடட்டா சாமி? கொளம்பா, ரசமா?"

பூ. சிரித்தாள். வாய் ஒரு பக்கம் மட்டும் போகிறது. எத்தனை நாளாக இப்படி என்று எனக்குத் தெரியாது.

லேப்டாப்பை அங்கேயே விட்டுவிட்டு பஸ்ஸில் திரும்பினேன். ஜன்னலோரம். முன் சீட்டில் யாரோ: "எறங்கறப்ப சொல்லுங்க, தூங்கிப்போடுவேன்."

மார்ச் 13, வியாழன்

மழை வருவதுபோல் இருந்து வரவில்லை. ரிக்காரர் பக்கத்தின் நிறத்தை மாற்றச் சொல்கிறார். நீலம் பிடிக்கவில்லையாம். கட்டில் விரிப்பைத் துவைத்துப் போட்டேன். காலையில் பழக்கத்தில் இரண்டு பேருக்குக் கஞ்சி காய்ச்சிவிட்டேன்.

சாயங்காலம் அத்தை போன். "மாப்ள, பூங்கொடி பேசோணுங்கறா. சித்தெ இருங்க."

விசைச் சத்தம். ஆடு ஒன்று கத்தியது. பிறகு அந்தக் குரல்.

"சாப்ட்டீங்களா?"

"ம்."

மறுபடி விசைகள்.

"அழுவறீங்களா?"

"இல்லையே."

இந்தத் தடவை ரொம்ப நேரம். அத்தை இருமுவது கேட்டது.

"அழுவோணும்னா அழுதுருங்க. நான் ஒண்ணும் நெனைக்கமாட்டேன்."

அழுகை வரவில்லை. "ஞாயித்துக்கெழம வாரேன்" என்றேன். போனை வைக்கவில்லை. அந்தப் பக்கம் அவள் இன்னும் எதையோ அடித்துக்கொண்டிருந்தாள்.