முடிச்சில் அறுந்த கயிறு

கூப்பிட்ட குரலுக்கு வந்து நிற்கும் என் அண்ணனுக்கு,

நாளை உனக்கு வருடப் பூசை. உன் வீட்டில் மைனி விருந்துக்கு அரிசி புடைத்துக்கொண்டிருக்கிறாள். நான் கயிற்றுக் கம்பெனிக்கு வந்துவிட்டேன். இழை ஒன்று அறுந்தால் போதும், பின்னால் நீ நிற்கிறாய் என்று திரும்பிப் பார்க்கிறேன். கூட வேலை செய்பவர்களுக்கு அது பழகிவிட்டது.

உன் வள்ளத்துக்கு எங்கள் கம்பெனியின் புது நங்கூரக் கயிற்றைக் கொடுத்தவள் நான். ஒரு வாரத்தில் முட்டத்துக் கரையில் வைத்துச் சொன்னாய்: "ஏட்டி, நேரா இழுத்தா நல்லாத்தான் நிக்கி. முடிச்சு போட்ட எடத்துல நார் நாரா கீறுது, பாத்துக்கோ."

"மெஷின்ல போட்டுப் பாத்தாச்சு அண்ணே. பழைய கயித்தவிட இதுக்குத்தான் பெலம்."

எவ்வளவு திமிர் எனக்கு.

மெஷின் பொய் சொல்லவில்லை. சூடான இழையை உருளைகள் இழுக்க இழுக்கப் பலம் ஏறும். அளவு மீறினால் வளைகிற இடத்தில் கீறிவிடும். உன் கயிற்றின் இழையை நான் அளவு மீறித்தான் இழுத்திருந்தேன். நாங்கள் கயிற்றை நேராக இழுத்துத்தான் சோதித்தோம். கடலுக்குப் போகிற எவன் முடிச்சில்லாமல் கயிறு கட்டுகிறான்? மீன்காரன் வீட்டில் பிறந்த எனக்கு அது ஏன் தோன்றவில்லை?

நீ கடலோடு போன அன்று அடித்த காற்றில் கயிறு அறுந்து வள்ளம் பாறையில் மோதியது. உன்னோடு வந்த சூசை மாமா மட்டும் நீந்திக் கரையேறினார். "முடிச்ச ஒழுங்கா போட்டிருக்க மாட்டான்" என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். மைனியும் அதை நம்பிவிட்டாள். வள்ளத்தில் மிஞ்சிய துண்டை நான் பார்த்தேன் அண்ணே. முடிச்சு அவிழவே இல்லை. அதை ஒட்டித்தான் இழைகள் கீறிக் கிடந்தன. பார்த்தும் ஒரு வருடம் வாயைத் திறக்கவில்லை.

இப்போது கயிற்றுக்கு உருக்குகிற பாலிபுரோப்பிலீன் பிளாஸ்டிக் குருணையோடு கொஞ்சம் பாலிஎத்திலீன் கலக்கிறோம். இழுப்பையும் குறைத்தாயிற்று. மெஷின் பழைய பலத்தைக் காட்டுவதில்லை, ஆனால் முடிச்சு தாங்குகிறது. புதிதாக வந்த மேனேஜர் கேட்டார், "இது யாரு யோசனை?"

"எங்க அண்ணன் சொன்னான் சார்."

"நல்ல ஆளா இருக்காரே. ஒரு நாள் கூட்டிட்டு வாங்க."

சரி என்று தலையாட்டினேன்.

நாளை பூசை முடிந்து எல்லோரும் இலையில் உட்கார்ந்ததும் எழுந்து நின்று சொல்லிவிடுவேன். நீ முடிச்சைச் சரியாகத்தான் போட்டாய், கயிறு நான் இழுத்தது, நீ சொல்லியும் நான் கேட்கவில்லை என்று. அதற்குப் பிறகு மைனி என்னை வாசல்படி ஏற விடமாட்டாள். விடவேண்டாம். உன் மகளாவது உன்னைப் பற்றிச் சரியாகத் தெரிந்து வளரட்டும்.

நீ சொல்லியும் கேட்காத தங்கச்சி,
மேரி