கழற்றிய பின் சீட்டு

என்னங்க, முழங்கால் வலி தேவலையா? இங்கே எல்லோரும் சுகம். புது வண்டியோடு பைக் சாமான் கடைக்குப் போன அன்று அங்கே இருந்தவர்கள் நான், நம் பிள்ளை, மருமகள், என் இடுப்பில் பேத்தி, இளித்துக்கொண்டே இருந்த கடைக்காரன். அந்த இளிப்பே எனக்குச் சரியாகப் படவில்லை.

புது க்ரூஸர் வண்டிக்கு இரண்டு பக்கமும் தோல் பை மாட்டியதும், நம் பிள்ளை பின் சீட்டைக் கழற்றச் சொன்னான்.

“தோல் பைக்கு இடமிருக்கு, பெண்டாட்டிக்கு இல்லையாடா?”

“ஒத்தை சீட்டுதாம்மா கெத்து. அவ வேலைக்கு பஸ்ல போவா.”

தனியாக எங்கே சுற்றப்போகிறானாம்?

“பழசு, இங்கயே கிடக்கட்டும்” என்றான் கடைக்காரன். நேற்று வந்த சீட்டு எப்படிப் பழசாகும்? பிடுங்கிவந்து என் கட்டிலுக்கடியில் வைத்திருக்கிறேன்.

சண்டையில்லை, பயப்படாதீர்கள். என் தைலம் அனுப்புங்கள். முதுகில் கை எட்டுமட்டும் நானே தேய்த்துக்கொள்வேன். குழந்தை அழுகிறது, முடிக்கிறேன். கடைக்காரனை விட்டாலும் விடுவேன். மன்னிக்கவே மாட்டேன், உங்கள் செல்லப்பிள்ளையை.