அப்பா பெயரில் வந்த ஆட்சேபணை

செவ்வாய், விஜயநகர்.

சிகரெட்டைப் பெட்டி பிரித்து ஒவ்வொன்றாக விற்கத் தடை கொண்டுவரும் சட்ட வரைவுக்கு ஆட்சேபணைகள் கட்டுக்கட்டாக வருகின்றன. பெங்களூர் தலைமைச் செயலகத்துக்கு அனுப்புமுன் எண் போடுவது இந்த மாவட்ட அரசு ஆபீசில் என் வேலை. எல்லாம் பெட்டிக்கடைக்காரர்கள் பெயரில், ஒரே கடிதம்.

இன்று ஒன்றில் அப்பாவின் பெயர் இருந்தது. கீழே எங்கள் ராமாபுரம் பெட்டிக்கடை முகவரி. அப்பா வாய்ப்புற்றுநோயில் போய் இரண்டு வருடமாகிறது.

இப்போது கடையைப் பார்க்கும் தம்பிக்குப் போன் செய்தேன்.

"சிகரெட் கம்பெனி வேன்காரரு வந்தாரு அக்கா. லைசென்ஸ் இன்னும் அப்பா பேருலதான இருக்குது, அந்தப் பேருலயே கையெழுத்துப் போடுங்கன்னாரு. போட்டுட்டேன்."

"படிச்சியா?"

"இங்கிலீஷ்ல இருந்துச்சு. போடலைன்னா சரக்கு இறக்க மாட்டாங்க."

பொய்க் கையெழுத்து என்று நான் குறிப்பு எழுதினால் மாட்டப்போவது தம்பிதான். கம்பெனியின் பெயர் அந்தக் காகிதத்தில் எங்குமே இல்லை. மத்தியானம் வரை அதைத் தனியே எடுத்து வைத்திருந்தேன். பிறகு எண் போட்டுக் கட்டில் சேர்த்துவிட்டேன்.

கடைசி மூன்று மாதம் அப்பாவால் பேச முடியவில்லை. இந்தச் சட்டம் வந்தால் தனக்கு உயிர்வாழ வழியில்லை என்று, இப்போது அரசாங்கத்துக்கு எழுதியிருக்கிறார்.