வளைவு அழிந்த ‘பி’

அன்புள்ள பெரியவளுக்கு,

அப்பா சொல்லச் சொல்லச் சின்னவள் எழுதுகிறாள். இங்கே எல்லோரும் சுகம், என் வலது கட்டைவிரலைத் தவிர. நீ எப்படி இருக்கிறாய், ஆய்வகத்தில் இன்னும் நின்றுகொண்டேதான் சாப்பிடுகிறாயா? விஷயம் என்னவென்றால் நம் காருக்கு பிரேக் ஆயில் மாற்றி மூன்று வருஷம் ஆகிவிட்டது. முனைக்கடை மெக்கானிக், அதுதான் பானெட்டில் காதை வைத்துக் கேட்பாரே, தெருவே ‘டாக்டர்’ என்று கூப்பிடுமே, அவர் வண்டியை ஒரு நாள் முழுக்க விடச் சொன்னார். பழசை எடுத்துப் புதுசை ஊற்ற ஒரு நாளா என்று கேட்டேன். ‘அப்போ நீங்களே பண்ணிக்குங்க சார், முடிச்சிட்டு இங்கேதான் தள்ளிக்கிட்டு வருவீங்க’ என்று நாலு பேர் முன்னால் சிரித்தார். விடுவேனா? நேற்று ஞாயிற்றுக்கிழமை வாசலிலேயே முடித்துவிட்டேன், பிரேக்கைத் தொடும் முன்பே பவர் ஸ்டீயரிங் ஆயிலையும் மாற்றிவிட்டேன். அம்மா சீட்டில் உட்கார்ந்து பிரேக்கை மிதித்தாள், நான் சக்கரத்துக்குப் பக்கத்தில் படுத்துப் பழைய ஆயில் வடியத் திருகைத் திறந்து மூடினேன், சின்னவள் மேலே டப்பாவில் குறையக் குறைய ஊற்றினாள். மிதி, பிடி, விடு என்று நூறு தடவை சொல்லியிருப்பேன். ‘தையல் மிஷினை இத்தனை தடவை மிதிச்சிருந்தா நாலு ரவிக்கை முடிச்சிருப்பேன்’ என்றாள் உன் அம்மா. கடைசிச் சக்கரத்தில் ஸ்பானர் வழுக்கி என் விரல் கிழிந்தது, மூன்று தையல். ‘மிதிச்சதுக்கு மூணு தையலாவது விழுந்துச்சே’ என்கிறாள். விரலுக்காக வண்டியை இன்னும் நகர்த்தவில்லை. வரும் ஞாயிறு அம்மாவையும் ஏற்றிக்கொண்டு மலைப்பாதை வழியாக உன்னைப் பார்க்க வருகிறேன். சின்னவள் நன்றாகவே உதவினாள் என்று எழுது, என்ன வெட்கம், எழுது.

அக்கா, மேலே இருப்பது அப்பா. இது நான். எல்லோரும் தூங்கிவிட்டார்கள், குளியலறையில் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்திருக்கிறேன். போன் அப்பாவின் தலையணைக்குக் கீழே இருக்கிறது, கிடைத்தாலும் பேச வராது. நான் தப்பான ஆயிலை ஊற்றிவிட்டேன். ஊற்ற வசதியாக இருக்கும் என்று அப்பா இரண்டு ஆயிலையும் ஒரே மாதிரித் தண்ணீர் பாட்டில்களில் மாற்றிவைத்தார். பிரேக்குக்கு ‘பி’, பவருக்கு ‘ப’ என்று பேனாவால் எழுதினார். நிறமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். கடைசிச் சக்கரத்தின்போது பார்க்கிறேன், இரண்டிலும் ‘ப’ இருக்கிறது. ‘ஊத்துடி, காத்து ஏறிடப்போகுது’ என்று அப்பா கீழேயிருந்து கத்துகிறார். கேட்டிருக்கலாம், கேட்டால் ‘உங்க அக்கா இருந்தா கேட்டிருக்க மாட்டா’ என்பார், அதற்குள் ஆறு தடவை சொல்லிவிட்டார். கைக்குக் கிட்டே இருந்ததை எடுத்து ஊற்றிவிட்டேன். இன்று காலை பார்த்தால் மற்ற பாட்டில் நின்ற நீல முக்காலியில் வட்டமாகப் பெயிண்ட் உரிந்திருக்கிறது. பிரேக் ஆயில் பெயிண்டைத் தின்றுவிடும் என்று அப்பாதான் சொன்னார். பெயிண்டைத் தின்றது பேனா மையை விடுமா, ‘பி’யின் தலைவளைவையும் தின்று ‘ப’ ஆக்கிவிட்டது. அப்படியென்றால் நான் ஊற்றியது பவர் ஆயில். அறிவியல் டீச்சரிடம் சுற்றி வளைத்துக் கேட்டேன். பிரேக்கில் வேறு ஆயில் போனால் உள்ளே ரப்பரெல்லாம் ஊதிப்போய் ஒரு நாள் பிரேக்கே பிடிக்காதாம். ‘யார் வீட்டு வண்டி?’ என்றார். பக்கத்து வீடு என்றேன்.

மலைப்பாதை அக்கா, முன்சீட்டில் அம்மா. சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை அப்பாவிடம் போனேன். ஒரு தடவை கட்டு மாற்றச் சொன்னார், ஒரு தடவை தண்ணீர் கேட்டார், மூன்றாவது தடவை இந்தக் கடிதத்தை எழுதச் சொன்னார். நன்றாகவே உதவினாள் என்று என் கையாலேயே எழுதினேன். இனி என்னைக் காரின் பக்கமே சேர்க்க மாட்டார். நீ உடனே போன் செய்து ஞாயிறு உனக்கு வேலை என்று பொய் சொல், அடுத்த ஞாயிறும் சொல், வருஷம் முழுக்கச் சொல். ஆனால் வெள்ளிக்கிழமை தையல் பிரித்ததும் காரை ஓட்டிப்போய் டாக்டர் கடை முன்னால் ஹாரன் அடிக்கப்போவதாக அப்பா சொல்லியிருக்கிறார். அந்தத் தெரு எவ்வளவு இறக்கம் என்று உனக்கே தெரியும். உன் பொய் அதுவரை எட்டாது. வாயால் சொல்ல எனக்கு வராது. இந்தக் காகிதத்தையே கையில் கொடுத்து அப்பாவை எழுப்பப்போகிறேன். போகிறேன்.

பெரியவளே, இது என் இடது கை, கோழி கிறுக்கியது போல் இருந்தாலும் படித்துக்கொள். எழுப்பினாள், படித்தேன், கத்தினேன். உன் அம்மா எழுந்துவந்து என்னைவிடப் பெரிதாகக் கத்தினாள், அதனால் நான் நிறுத்திக்கொண்டேன். டார்ச்சோடு போய்ப் பார்த்தால் இரண்டு பாட்டிலும் ‘ப’ என்றுதான் நிற்கின்றன, அப்படி எழுதிவைத்தவனை என்ன செய்யலாம்? சின்னவள் அழுகையை நிறுத்தவே இல்லை. வேறு வழியில்லாமல், நீ பதினான்கு வயதில் வைப்பர் தண்ணீர் டப்பா என்று நினைத்து ரேடியேட்டரில் சோப்புத் தண்ணீர் ஊற்றியதைச் சொல்லிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. விக்கி விக்கிச் சிரித்துவிட்டுத் தூங்கிவிட்டாள். காலையில் டாக்டர் வந்து வண்டியைக் கட்டி இழுத்துப்போனார், பிரேக்கில் ரப்பர் அத்தனையும் மாற்ற வேண்டுமாம். ‘இதை ஊத்தின புண்ணியவான் யாரு சார்?’ என்று தெருவே கேட்கக் கேட்டார். பின்னால் நின்ற சின்னவள் வாயைத் திறந்தாள், அவள் காலை மிதித்துவிட்டு நான்தான் என்றேன். டாக்டர் சிரித்து முடிக்கப் பத்து நிமிஷம் ஆயிற்று, நானும் நின்று கேட்டேன். ஞாயிறு மூவரும் பேருந்தில் வருகிறோம், நிலையத்துக்கு வந்துவிடு, அம்மா உனக்காகக் கட்டும் மூட்டையை இந்த விரலோடு என்னால் தூக்க முடியாது. நீ நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருக்க வேண்டும். சின்னவளைப் பார்த்ததும் ஆயிலைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது, பேசினால் அவளிடம் சோப்பு இருக்கிறது.

இடது கையால்,
உன் அப்பா